கருகிய மண்ணில் குடியேறுவோர்

காட்டுத் தீயைப் பற்றிய சமாசாரம் பத்திரிகையில் வரும்போது நாம் மூன்று விஷயங்களையே தேடிப் படிக்கிறோம். எத்தனை ஏக்கர் எரிந்தது, எத்தனை வீடுகள் போயின, எத்தனை உயிர்கள் சேதமாயின என்பவையே அவை. தீ அணைந்த மறுநாள் அந்தச் சமாசாரமும் அணைந்துவிடுகிறது. பிறகு ஒரு வருஷம் கழித்து யாரேனும் அந்தப் பக்கம் போனால், "அடடா, மறுபடியும் பச்சை துளிர்த்துவிட்டதே!" என்று ஆச்சரியப்படுகிறார்கள். இடையில் கழிந்த அந்த ஒரு வருஷ காலத்தில் கறுத்துக் கிடந்த மண்ணுக்குள் என்ன நடந்தது? அங்கே யார் மாண்டார்கள், யார் பிழைத்தார்கள், யார் முதலில் வந்து குடியேறினார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி மலையேறிய ஒரு மாணவியின் ஆராய்ச்சியைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பெயரில் மட்டும் பரிசுத்தம்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தின் தென்பகுதியில் ஸான்டா ஆனா மலைத்தொடர் இருக்கிறது. அதில் ஹோலி ஜிம் என்ற பெயருடைய பள்ளத்தாக்கில் 2018ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6ந் தேதி தீப் பிடித்தது. பிடித்த இடத்தின் பெயரே தீக்கும் ஆயிற்று. 'ஹோலி தீ' என்று அதை அழைத்தார்கள். ஹோலி என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பரிசுத்தம் என்று பொருள். பெயரில்தான் பரிசுத்தம், செய்த காரியமோ சம்ஹாரம். சுமார் 23,000 ஏக்கர் காட்டை விழுங்கிவிட்டுச் செப்டம்பர் மாத நடுவில்தான் அது முற்றும் அடங்கியது.

எரிந்தது வானளாவிய மரங்கள் நிறைந்த காடு அன்று. ஆள் உயரத்துக்கும் சற்று மேலே வளரும் புதர்க்காடு அது. சாப்பரல் என்று அதற்குப் பெயர். அந்தப் பிரதேசத்தில் குளிர்காலத்தில் மழை பெய்யும். கோடை முழுதும் வானம் பொய்த்துவிடும். ஆகையால் அங்குள்ள செடிகளின் இலைகள் சிறுத்துத் தடித்து, எண்ணெய்ப் பசையுடன் இருக்கும். ஒரு பொறி விழுந்தால் போதும், பற்றிக்கொள்ளும். ஆனால் அந்தப் புதர்களுக்குத் தீ புதிதல்ல. சில செடிகள் மேலே எரிந்து போனாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கின்றன. வேறு சிலவற்றின் விதைகள் பல வருஷம் மண்ணில் உறங்கிக் கிடந்து, சூடும் புகையும் பட்ட பிறகே முளைவிடுகின்றன.

செடிகளின் இந்தச் சாமர்த்தியத்தைத் தாவர சாஸ்திரிகள் நெடுநாளாக அறிவார்கள். செடிக்குச் சோறு போடுகிறவர்களின் சங்கதிதான் அவ்வளவாகத் தெரியாமல் இருந்தது. ஒரு சிட்டிகை நல்ல மண்ணில் பாக்டீரியாக்கள் மட்டும் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவற்றுக்கிடையே சிலந்தி நூல் போன்ற மெல்லிய காளான் இழைகள் ஓடுகின்றன. உதிர்ந்த சருகை மக்கச் செய்து உரமாக்குவதும், மண்துகள்களைப் பிணைத்து வைப்பதும், வேருக்கு நீரையும் சத்தையும் கொண்டுபோய்க் கொடுப்பதும் இவற்றின் தொழில். மண் உயிரோடு இருக்கிறது என்று சொன்னால் அது உபசார வார்த்தை அல்ல.

அடுப்பும் அடியிலுள்ள மண்ணும்

தீ மண்ணை என்ன செய்கிறது என்பதை அறியக் கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பை நினைத்துக்கொண்டால் போதும். மேலே அண்டா கொதிக்கிறது. கட்டைகள் தகதகவென்று எரிகின்றன. ஆனால் அடுப்பின் அடியை ஒரு சாண் தோண்டினால் மண் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். உஷ்ணத்தை எளிதில் கடத்தாத பொருள் மண். காட்டுத் தீயிலும் அப்படியே. மேற்பரப்பில் பல நூறு டிகிரி உஷ்ணம் இருக்கும்போது, இரண்டு அங்குல ஆழத்தில் அது 150 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். (இங்கே சொல்லும் டிகிரி எல்லாம் சென்டிகிரேட் அளவு.)

ஆனால் உயிர்களைக் கொல்ல அத்தனை உஷ்ணம் வேண்டியதில்லை. 60 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குள் பெரும்பாலான காளான் இழைகளும் வேர்களும் மடிந்துவிடுகின்றன. மண்ணில் ஈரம் இருந்தால் நாசம் இன்னும் விரைவு. வறட்டுச் சூட்டைவிட ஆவி வலியது என்பது இட்டிலிப் பானை வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த விஷயந்தானே?

உயிர்கள் மடிவது ஒருபுறமிருக்க, மண்ணின் ரஸாயனமும் மாறுகிறது. முதலாவது, சாம்பல். நம் வீடுகளில் எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கினால் பளிச்சென்று ஆவதற்கு அதிலுள்ள காரச் சத்தே காரணம். அந்தச் சாம்பல் ஆயிரக்கணக்கான ஏக்கரில் படியும்போது மண்ணின் புளிப்புத் தன்மை குறைந்து காரத் தன்மை ஏறுகிறது. இரண்டாவது, நைட்ரஜன். உஷ்ணம் 200 டிகிரியைக் கடந்தால் மண்ணில் பல காலமாகச் சேர்ந்திருந்த நைட்ரஜனில் ஒரு பகுதி புகையோடு போய்விடுகிறது. மிஞ்சியதில் ஒரு பகுதி உடைந்து, அம்மோனியாவின் உப்புக்களாக எளிதில் உண்ணத்தக்க வடிவத்தை அடைகிறது. பூர்விக நிலத்தை விற்றுவிட்டு, வந்த ரொக்கத்தைக் கையில் வைத்திருப்பவனுடைய நிலைமைதான் அப்பொழுது மண்ணுக்கு. ஆஸ்தி குறைந்துவிட்டது, கைச்செலவுக்கோ தாராளம்.

மூன்றாவது, மெழுகு. இலை தழைகளிலுள்ள மெழுகுப் பொருள்கள் ஆவியாகிக் கீழே இறங்கி, குளிர்ந்த இடத்தில் மண்துகள்கள்மேல் பூச்சாகப் படிகின்றன. அந்த மண்மேல் நீரை ஊற்றினால் தாமரை இலைத் தண்ணீர் போல் உருண்டு நிற்கும், உள்ளே இறங்காது. நான்காவது, கரி. முழுதும் எரிந்து சாம்பலாகாமல் பாதியில் நின்ற பொருள் அது. சாதாரண நுண்ணுயிர்களுக்குக் கரி கடலைக்காய் ஓட்டைப் போன்றது. கடித்தால் பல்தான் போகும்.

ஒன்பது யாத்திரைகள்

இத்தகைய மண்ணுக்குள் அடுத்து என்ன நடக்கிறது என்பதை அறிவதில் ஒரு சங்கடம் இருந்தது. தீப் பிடித்த காட்டுக்குள் உடனே யாரையும் விடமாட்டார்கள். அனுமதி வாங்கி, பொருளுதவிக்கு மனுச் செய்து, அது கிடைத்து ஆராய்ச்சியாளர் போய்ச் சேரும்போது மாதங்கள் கடந்திருக்கும். போனாலும் ஒரு முறையோ இரண்டு முறையோ மண் எடுத்துவிட்டுத் திரும்புவார்கள். கிருகப்பிரவேசத்தன்று எடுத்த ஒரே ஒரு புகைப்படத்தைப் பார்த்து, அந்த வீட்டுக்குக் கடைக்கால் போட்டவர் யார், சுவர் எழுப்பியவர் யார் என்று சொல்ல முடியுமா?

ரிவர்ஸைடு நகரிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துவந்த பாபியோலா புலிடோ சாவெஸ் என்னும் மாணவியும், அவருடைய ஆசிரியை ஸிட்னி கிளாஸ்மன் அம்மையாரும், அவர்களுடன் உழைத்த மற்றவர்களும் இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தார்கள். ஹோலி தீ எரிந்த இடத்தில் 17ஆம் நாளே மண் எடுத்துவிட்டார்கள். இறந்தவர் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு நிற்கவில்லை. 25ஆம் நாள், 34ஆம் நாள், 67, 95, 131, 187, 286, கடைசியாக 376ஆம் நாள் என்று ஒன்பது முறை அங்கே சென்றார்கள். எரிந்த நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அருகே எரியாமல் தப்பிய நிலத்திலும் ஒவ்வொரு முறையும் மண் எடுத்தார்கள்.

எடுத்த மண்ணைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் போதாது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாதபடி இருக்கும். பலவற்றைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கவும் முடியாது. ஆகவே இந்தக் காலத்து விஞ்ஞானிகள் வேறொரு வழியைக் கையாளுகிறார்கள். ஒவ்வோர் உயிரின் அணுவறையிலும் அதன் குலமுறையை எழுதி வைத்த டி.என்.ஏ. என்னும் இழை இருக்கிறது. மண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, குறித்த ஒரு பகுதியை மட்டும் பல மடங்கு பெருக்கி, யந்திரத்தால் படிக்கிறார்கள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டாமல், தபால் பெட்டியிலுள்ள கடிதங்களின் விலாசத்தைக் கொண்டே ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது போன்ற உபாயம் இது.

போனவர்களும் வந்தவர்களும்

கணக்கெடுப்பின் முடிவு 2023ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. எரிந்த மண்ணில் பாக்டீரியாக்களின் அளவு நூற்றுக்கு 47 பங்கும், அவற்றின் வகைகள் நூற்றுக்கு 46 பங்கும் குறைந்திருந்தன. காளான் இனத்துக்கு நேர்ந்த கதி அதைவிடக் கொடிது. அதன் அளவு நூற்றுக்கு 86 பங்கும், வகைகள் 68 பங்கும் குறைந்திருந்தன.

மகாபாரதத்தில் காண்டவ வனம் எரிந்த கதையை நேயர்கள் கேட்டிருப்பார்கள். அந்தப் பெருந்தீயில் தப்பியவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவனான மயன்தான் பின்னர் பாண்டவர்களுக்கு அற்புதமான சபா மண்டபத்தைக் கட்டிக் கொடுத்தான். தீயில் பிழைத்தவனே கட்டடம் எழுப்புகிறவனானான் என்ற அந்தக் கதை, கலிபோர்னியாவின் மண்ணில் நடப்பதற்கு மிகவும் பொருந்துகிறது.

காளான்களில் முதன்முதல் தலையெடுத்தது ஜெமினிபாஸிடியம் என்ற ஈஸ்ட் வகை. உஷ்ணத்தைத் தாங்கும் சக்தி இதற்கு அதிகம். மற்றவர்கள் மாண்ட இடத்தில் இது பிழைத்திருந்து, காலியான நிலத்தைக் கைக்கொண்டது. ஆனால் அதன் ராஜ்யம் நீடிக்கவில்லை. பைரோனிமா, ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிஸில்லியம் என்ற இழைக்காளான்கள் பெருகப் பெருக, ஈஸ்ட் ஒதுங்கியது. பெனிஸில்லியம் என்ற பெயர் நமக்குப் புதிதன்று. 1928ஆம் வருஷம் பிளெமிங் துரை பெனிஸிலின் மருந்தைக் கண்டது இந்தக் குலத்தைச் சேர்ந்த பூசணத்தில்தான். பாக்டீரியாக்களில் மாஸிலியா என்பது வருஷம் முழுதும் முதலிடத்தில் இருந்தது. நாளாக ஆக பாஸில்லஸும், நோவிஹெர்பாஸ்பிரில்லம் என்ற நாவில் நுழையாப் பெயருடைய இன்னொன்றும் தொகையில் பெருகின.

ஒரு வருஷத்துக்குள் இவ்வாறு ஐந்தாறு முறை அந்த மண்ணில் குடி மாறியது. மேலே பார்ப்பவர் கண்ணுக்குக் கறுப்பு மண்ணாகவே தோன்றிய காலத்தில், உள்ளே ஒரு ஊர் அழிந்து மற்றோர் ஊர் எழுந்துகொண்டிருந்தது.

இந்த வரிசைக்குக் காரணம் என்ன? ஆராய்ச்சியாளர் கூறும் ஊகம் சுவையானது. எரிந்த மண்ணில் வாழ மூன்று திறமைகள் வேண்டும். சூட்டைத் தாங்க வேண்டும். காலியிடத்தில் விரைந்து பரவ வேண்டும். கூட்டம் சேர்ந்த பிறகு போட்டியில் நிலைத்து நிற்க வேண்டும். மூன்றையும் ஒருங்கே பெற்ற உயிர் இல்லை. ஒன்றில் வல்லவன் மற்றொன்றில் பின்தங்குகிறான். ஆகையால் ஒருவன் தொடங்கிய வேலையை மற்றொருவன் வாங்கிக்கொள்கிறான். கடைக்கால் வெட்டியவனே கூரையும் வேய வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இயற்கையில் இல்லை.

கரியைத் தின்னும் காளான்

மேலே சொன்னவற்றுள் பைரோனிமா என்ற காளானின் சரித்திரம் தனியே சொல்லத்தக்கது. நெருப்பு எரிந்த இடத்தில் செம்மஞ்சள் நிறத்தில் குங்குமப் பொட்டுக்களைச் சிதறினாற்போல் இது பூக்கும். 1909, 1910ஆம் வருஷங்களிலேயே ஸீவர் என்ற அமெரிக்கக் காளான் சாஸ்திரி இதை ஆராய்ந்து எழுதினார். மண்ணைச் சூடாக்கினால் அதில் கரையக்கூடிய உணவுப் பொருள்கள் அதிகமாகின்றன என்றும், அதனால்தான் பைரோனிமா அங்கே செழிக்கிறது என்றும் அவரும் அவருடைய கூட்டாளியும் காட்டினார்கள்.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், பெர்க்கிலி நகரிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையார் இந்த ஆராய்ச்சியை மேலும் நடத்தினார்கள். காட்டுத் தீக்காகக் காத்திராமல், வாளியில் காட்டு மண்ணை நிரப்பி, அதன்மேல் சருகையும் சுள்ளியையும் எரித்துச் சிறியதொரு காட்டுத் தீயைத் தாங்களே உண்டாக்கினார்கள். சில வாரங்களுக்குள் அந்த மண்ணில் பைரோனிமா மற்றக் காளான்களையெல்லாம் மிஞ்சிப் பெருகிவிட்டது. 2021ஆம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சி அதைவிட விசேஷமானது. அடையாளம் இட்ட கரியை இந்தக் காளானுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அது கரியைச் சிதைத்துக் கரியமில வாயுவாக வெளியிட்டது தெரியவந்தது. மற்றவர்கள் பல்லைக் கெடுத்துக்கொள்ளும் கடலைக்காய் ஓட்டை இது மென்று விழுங்கிவிடுகிறது! கரியை உடைக்க ஒருவன் முன்வந்துவிட்டால், அவன் சிந்தியதைப் பொறுக்கிப் பின்னால் வருகிறவர்களும் பிழைக்க வழி உண்டாகிறது.

அடிவாரத்திலுள்ள வீடுகள்

"மண்ணுக்குள் பூசணம் பூத்தால் என்ன, பூக்காவிட்டால் என்ன? நமக்கு அதனால் ஆவதென்ன?" என்று கேட்போர் இருக்கலாம். அவர்கள் மான்டெஸிட்டோ என்ற ஊரின் கதையைக் கேட்க வேண்டும். 2017ஆம் வருஷம் டிஸம்பர் மாதத்தில் அந்த ஊருக்கு மேலேயுள்ள மலைகள் எரிந்தன. மறுமாதம், 2018 ஜனவரி 9ந் தேதி விடியுமுன் அந்த மலைகளில் கனமழை கொட்டியது. பிடித்து நிறுத்தச் செடி இல்லை. மெழுகு படிந்த மண் நீரை உள்ளே வாங்கவில்லை. சேறும் பாறையும் ஒன்றாய்த் திரண்டு, உறங்கிக்கொண்டிருந்த வீடுகளின்மேல் பாய்ந்தன. 23 உயிர்கள் மாண்டன. தீ போய்விட்டது என்று ஆறுதல் அடைந்தவர்களுக்குத் தீயின் இரண்டாம் பாகம் நீரின் உருவத்தில் வந்தது.

சரிவு எப்பொழுது நீரை மறுபடி உறிஞ்சத் தொடங்கும், மண்துகள்களைப் பிணைக்கும் இழைகள் எப்பொழுது திரும்பும், செடியின் வேரோடு கூடி வாழும் காளான்கள் எப்பொழுது வரும் என்பவை ஆகவே வெறும் ஏட்டுக் கேள்விகள் அல்ல. மலையடிவாரத்தில் தொட்டில் கட்டியிருக்கும் ஒவ்வொரு வீட்டையும் பற்றிய கேள்விகள் அவை.

மண்ணின் ரஸாயனம் எப்பொழுதும் நமக்கு அனுகூலமாக இருக்கும் என்பதும் இல்லை. ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் வட கலிபோர்னியாவில் 2019, 2020ஆம் வருஷங்களில் எரிந்த நிலங்களைச் சோதித்தார்கள். அங்குள்ள சில பாறைகளிலிருந்து உண்டான மண்ணில் குரோமியம் என்ற உலோகம் இயல்பாகவே உண்டு. சாதாரண நிலையில் அதனால் பெருந்தீங்கு இல்லை. கடுந்தீயில் வெந்தபோது அதில் ஒரு பகுதி புற்றுநோயை விளைவிக்கக்கூடிய நச்சு வடிவமாக மாறியிருந்தது என்பதை அவர்கள் 2023ஆம் வருஷத்தில் வெளியிட்டார்கள். காற்றில் பறக்கும் சாம்பல் தூசியைச் சுவாசிப்போர் அறிய வேண்டிய உண்மை இது. ஆறிய சாம்பலை அள்ளும் கைகளுக்கும் அதைச் சுவாசிக்கும் மார்புகளுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சாட்சி வேண்டியதில்லை.

மண்ணுக்கு வேண்டிய தவணை

இத்தனையும் சேர்ந்து உணர்த்தும் பாடம் ஒன்றுண்டு. எரிந்த மண் பிணம் அன்று; அது நோயிலிருந்து எழுந்து பத்தியம் இருக்கும் உடம்பு. அதற்கு வேண்டிய மருந்தெல்லாம் பெரும்பாலும் அதனிடமே இருக்கிறது. வேண்டியது ஒன்றே, காலம். ஒருவர்பின் ஒருவராக வரும் குடிகள் தத்தம் வேலையை முடித்துக் கைமாற்றிக் கொடுக்கப் போதுமான அவகாசம் அதற்குக் கிடைக்க வேண்டும். தீயில் இழந்த நுண்ணுயிர்ச் செல்வம் பல இடங்களில் பத்து வருஷம் கடந்தும் முழுதும் திரும்புவதில்லை.

அந்த அவகாசந்தான் இப்பொழுது சுருங்கி வருகிறது. சாப்பரல் காடு முப்பது வருஷத்துக்கு ஒரு முறையோ நூறு வருஷத்துக்கு ஒரு முறையோ எரிந்தால் மீண்டு எழும். செடி வளர்ந்து விதை சேர்த்து வைப்பதற்குள் மறுபடியும் மறுபடியும் தீ வந்தால், புதர்கள் அழிந்து அயல்நாட்டுப் புற்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் புல்லோ கோடையில் காய்ந்து அடுத்த தீக்கு விறகாகிறது. பூமியின் வெப்பம் ஏறி வருவதும், மனிதன் காட்டு விளிம்பிலே வீடு கட்டிக்கொண்டு போவதும் இந்த ஆபத்தை வளர்க்கின்றன. 2025ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் ஓரங்களில் மூண்ட தீ 16,000க்கு மேற்பட்ட கட்டடங்களை அழித்து, முப்பது பேருக்கு மேல் பலி கொண்டதை உலகம் பார்த்தது. கடன்காரன் ஒரு தவணையைக் கட்டி முடிக்குமுன் அடுத்த தவணைக்கு ஆள் வந்து நின்றால் குடும்பம் என்ன ஆகும்? மண்ணின் குடும்பமும் அப்படித்தான்.

எந்த மண் தானே தேறிவிடும், எந்த மண்ணுக்கு நாம் கை கொடுக்க வேண்டும் என்று அறிந்தால் அல்லவா மலைச்சரிவைக் காக்கும் அதிகாரிகள் உள்ள பணத்தை உரிய இடத்தில் செலவிட முடியும்? அதை அறிவதற்கு, இயல்பாகத் தேறும் மண் எந்த நாளில் எப்படி இருக்கும் என்ற கணக்கு முதலில் வேண்டும். 17ஆம் நாளிலிருந்து 376ஆம் நாள் வரையில் அந்த மாணவி எழுதி வைத்தது இத்தகைய கணக்குத்தான். வைத்தியர் நோயாளியின் உஷ்ணத்தை வேளைக்கு வேளை குறித்து வைப்பதுபோல.

நம் பிள்ளைகளில் பலர் விஞ்ஞானம் என்றால் பெரிய யந்திரமும் பெரிய பணமும் என்று எண்ணுகிறார்கள். இந்த ஆராய்ச்சிக்கும் யந்திரம் வேண்டியிருந்தது, மெய்தான். ஆனால் யந்திரத்துக்குள் போட மண் வேண்டுமே! அந்த மண், சாம்பல் பறக்கும் சரிவில் ஏறி, போன மாதம் நின்ற இடத்திலேயே இந்த மாதமும் நின்று, குனிந்து எடுத்தால்தான் கிடைக்கும். உரிய காலத்தில் போவதும், போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவதும், கண்டதைக் கண்டபடி குறிப்பதும் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் எட்டாத வித்தை அல்ல.